காலி வண்டி என்று நினைத்த கம்பி

டாலாவில் கார் வைத்திருப்பதே கொஞ்சம் வீம்புதான். ரங்கூன் நகரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணெதிரே தெரியும். 2014-இல் ஜப்பான் கொடுத்த செர்ரி கப்பலில் ஏறினால், பக்கத்தில் இருப்பவரிடம் ஆரம்பித்த பேச்சு முடிவதற்குள் பான்சோடான் துறை வந்துவிடும். வண்டியோடு போவதென்றால் நான் துவாண்டே, லைங்தாயா என்று ஊரையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை உண்டு. எங்கள் கரையிலோ மோட்டார் சைக்கிள்தான் டாக்சி. அதனால் இங்கே நாலு சக்கரம் வைத்திருப்பவன் ஒன்று வியாபாரியாக இருப்பான், அல்லது வீம்புக்காரனாக இருப்பான். நான் என்னை வியாபாரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப். 1989-இல் வெளிவந்து 1995 வரை விற்ற இரண்டாம் தலைமுறை, டீசல். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்து சேர்ந்த வண்டி, ஆகவே ஸ்டீயரிங் வலப்பக்கம். நாங்கள் சாலையில் வலப்பக்கமாக ஓட ஆரம்பித்தது 1970-இல். வண்டிகள் மட்டும் வெகுகாலம் ஜப்பானிலிருந்தே வந்தன. வலது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் அந்த வேலை அம்மாவுடையது. "இரு... இரு... இப்பப் போ" என்பாள். அவள் சொல்லாமல் நான் முந்தியதே இல்லை.

குன்ஜாங்கோன் பக்கத்து உறவுக்காரர் மில்லிலிருந்து கடைக்கு அரிசி கொண்டுவருவது வழக்கம். மழைக்காலத்தில் மெயின் ரோட்டை விட்டு மில்லுக்குத் திரும்பும் மண்பாதை களிமண் குழம்பாகிவிடும். தோலாஜி என்கிற உள்ளூர் லாரிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் ஆழமான தடம் விழுந்திருக்கும். நடுவில் ஒரு மேடு. என் வண்டி அந்த மேட்டில் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொள்ளும். மாட்டைக் கட்டி இழுத்துவிடுவார்கள். இழுத்தவர்கள் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைத் தூக்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

உண்மையைச் சொன்னால் மேடு ஒரு சாக்கு. தாய்லாந்துக்காரர்கள் தங்கள் ஹைலக்ஸ்களைத் தூக்கி நிறுத்தியிருக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்திருந்தது. தெருவில் இன்னொருவரின் பஜேரோ என் வண்டியைவிட உயரமாக நின்றதும் ஒரு காரணம். இதை வீட்டில் சொல்லவில்லை. அரிசி, மேடு, மழை என்று மட்டும் சொன்னேன்.

டாலாவில் எல்லாரும் மாமா என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனி ஆற்றில் கப்பல் ஓட்டி, 1942-இல் ஜப்பான் படை வரும்போது தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்துவிட்டுப் போனதே, அந்தக் கம்பெனியின் பட்டறை இருந்த ஊர் இது. இங்கே இரும்பைத் தொட்டுப் பார்த்து விஷயம் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நான் அவரிடம் யோசனை கேட்கப் போகவில்லை, வாங்கப் போவதைச் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எப்பவும் எவ்வளவு ஏத்துவே தம்பி?"

"எப்பவுமா? சில நாள் அரிசி. மத்த நாள் காலி, நானும் அம்மாவும்தான்."

"அப்ப சாதா ஸ்பிரிங் புதுசா வாங்கிப் போடு. உன்னோடது உக்காந்து போச்சு."

சாதா ஸ்பிரிங் போட்டால் படத்தில் பார்த்த மாதிரி நிற்குமா? நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்காரர் காட்டிய பட்டியலில் ஸ்பிரிங்குகள் எடைவாரியாக இருந்தன. ஆஸ்திரேலியாவில் 1975-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. கம்பெனியின் ஓல்ட் மேன் ஈமு ஸ்பிரிங்குகளையும் அப்படித்தான் பிரித்துத் தருவார்கள்: காலியாக ஓடும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் பாரம் ஏற்றிய வண்டிக்கு இன்னொன்று. என் கண் உயரம் எழுதியிருந்த கட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதிக உயரம் எதுவோ அதைக் கேட்டேன். அது எப்போதும் பெரும்பாரம் சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங். கம்பி பழையதைவிட ஒரு மில்லிமீட்டர்தான் தடிமன், அதனால் என்ன என்று நினைத்தேன். கம்பியின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 14 மில்லிமீட்டர் கம்பி 15 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

இரண்டு ஸ்பிரிங்கையும் ஆளுக்கொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு நானும் மைத்துனனும் கப்பலில் வந்தோம். எல்லாரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பின்பக்கம் ஸ்பிரிங் ஏறிற்று. முன்பக்கத்துக்குச் செலவே செய்யவில்லை. இந்த மாடலில் முன்னால் சுருள் கிடையாது, நீளமான டார்ஷன் பார்தான், அதாவது முறுக்கித் தாங்கும் தண்டு. அதன் கடைசியில் ஒரு போல்ட். அதைத் திருகினால் முன்பக்கம் எழும்பும். இலவசமாகக் கிடைக்கும் உயரத்தை யார் விடுவார்கள்? போகும் மட்டும் திருகினேன். போல்ட்டைத் திருகினால் தண்டு பலமாகும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். தண்டின் விறைப்பு அப்படியேதான் இருக்கும். சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த இடத்தைத்தான் நாம் தின்றுவிடுகிறோம். பள்ளத்தில் சக்கரம் தொங்க வேண்டிய நேரத்தில் அதைப் பிடித்திருக்கும் மேல்கை போய் ரப்பரில் இடிக்கும். டிரைவ் ஷாஃப்ட் வளைந்த நிலையிலேயே சுற்றிச் சுற்றி அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, சேறு உள்ளே போகும். பின்னால் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தேன். ஸ்பிரிங் நீளமாகிவிட்டது, ஷாக் ஆகவில்லை. ஒவ்வொரு குழியிலும் அது கடைசி வரை இழுபட்டு 'டங்' என்று அடித்தது. புது வண்டிச் சத்தம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தூக்கிய வண்டியில் ஏற அவளுக்கு முக்காலி வேண்டியிருந்தது. கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க முக்காலி போட்டு ஏறுவது அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "ஏணி இல்லாத மச்சு மாதிரி இருக்குடா. நீ போயிட்டு வா" என்றாள் ஒரு நாள். அப்புறம் வரவில்லை. இடப்பக்கத்து இருக்கை காலியானது. எட்டிப் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் நான் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகப் பழகிக்கொண்டேன். அதிலும் எனக்கு உறைக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மேட்டில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? முதல் மழையிலேயே உட்கார்ந்தது. மேட்டில் இடித்தது வண்டியின் வயிறே இல்லை. பின் அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் குண்டு. பாடியை எவ்வளவு தூக்கினாலும் அச்சு சக்கரத்தோடுதான் இருக்கும், அது எழும்ப வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும். 265/70-15 டயரைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டால் குண்டு எழும்புவது 18 மில்லிமீட்டர் அளவுக்குத்தான், ஒரு விரல் தடிமன். அதே மாடு, அதே ஆட்கள். இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

வண்டியை நான் இறக்கியிருக்க வேண்டிய நாள் அதுதான். இறக்கவில்லை. செலவு செய்தாகிவிட்டதே!

பிறகு ஒரு கல்யாணத்துக்காக அம்மாவைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டேன். பின்னால் தங்கை குடும்பம், அதற்கும் பின்னால் அரிசி மூட்டைகள். எங்கள் ஊர் மூட்டை ஒன்று 108 பவுண்டு. வண்டி அன்று கொஞ்சம் பணிந்து, குதிக்காமல் ஓடிற்று. துவாண்டே தாண்டி வரும்போது தூறல் விழுந்தது. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் டாக்சி, பின்னால் ஒரு பெண்ணும் குழந்தையும். அவர்கள் சட்டென்று நின்றார்கள். நான் பிரேக்கை மிதித்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு வழுக்கின. ஸ்டீயரிங் கையில் இருந்தது, வண்டி அதைக் கேட்கவில்லை. பின் சக்கரங்கள் தங்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்பதுபோல உருண்டுகொண்டே வந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிரேக்கை விட்டு மறுபடி மிதித்தேன். வண்டி ஓரத்துக்குத் திரும்பி, ஒரு சக்கரம் வயலில் இறங்கி நின்றது. அந்தக் குழந்தை எங்களைத் திரும்பிப் பார்த்தது. யாருக்கும் ஒன்றுமில்லை.

மறுநாள் மாமா வண்டிக்கு அடியில் படுத்தார். மூட்டைகளை இறக்க வேண்டாம் என்றார். வெகுநேரம் சத்தமே வரவில்லை. பிறகு "உள்ளே வா" என்றார். நானும் முதுகைத் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு போனேன். பின் அச்சிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று மேலே போய், சட்டத்தில் இருக்கும் சிறிய வால்வோடு சேர்ந்திருந்தது. இத்தனை வருஷம் வண்டி வைத்திருந்தும் நான் அதைக் கண்டதில்லை. மாமா கம்பியை ஒரு விரலால் மேலே தள்ளிக் காட்டினார், பிறகு கீழே விட்டார்.

"பாரம் ஏறுனா வண்டி தாழும், இந்தக் கம்பி மேலே போகும். பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் கூடும். காலியா இருந்தா கம்பி கீழே இருக்கும், பின் பிரேக் குறைஞ்சு பிடிக்கும், இல்லேன்னா பின் சக்கரம் பூட்டிக்கும்ல. நீ பாடியை மேலே தூக்கிட்டே. கம்பியை அப்படியே விட்டுட்டே."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நேத்து நீங்க அத்தனை பேரும் மூட்டையும் உள்ளே இருக்கீங்க. வண்டி காலியா இருக்குன்னு இது நெனச்சுக்கிட்டிருக்கு தம்பி."

வண்டிக்கு அடியில் அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். மேலே தகரத்துக்கு அந்தப் பக்கம் முந்தின நாள் யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தது. தங்கையின் சின்ன மகன் சரியாக அந்த வால்வுக்கு மேலே மூட்டையில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு மாமா சொன்னபடி செய்தேன். தெருக்கோடியில் கைபடாத சர்ஃப் ஒன்று இருந்தது. அதில் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தோம். என் பழைய ஸ்பிரிங்கை மாட்டி அதே இடத்தை அளந்தால் பின்பக்கம் நாலு சென்டிமீட்டர் குறைந்தது. அதாவது, புதிதாகச் சாதா ஸ்பிரிங் வாங்கிப் போட்டிருந்தாலே நாலு சென்டிமீட்டர் எழும்பியிருக்கும். மாமா முதல் நாளே சொன்னதும் இதைத்தான்.

சாதா ஸ்பிரிங் வந்தது. அதன் நீளத்துக்கு ஏற்ற ஷாக் வந்தது. இற்றுப்போன புஷ்களை மாற்றினோம், வண்டி அலைந்ததற்குப் பாதிக் காரணம் அவைதான். டார்ஷன் பார் போல்ட்டைப் பழைய மரை அடையாளத்துக்கே திருப்பினோம். கிழிந்த உறைகளும், அவற்றோடு கெட்டுப்போன ஒரு ஷாஃப்ட்டும் தண்டச் செலவு. வால்வுக் கம்பியை மூட்டை ஏற்றியும் இறக்கியும் பார்த்துப் பொருத்தினார் மாமா. எல்லாம் சேர்த்து, முதலில் சரியானதை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல் மூன்று மடங்கு. மில்லுக்குப் போகும் மண்பாதைக்கு மழையில் நான் வண்டியைக் கொண்டுபோவதில்லை. மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுகிறேன், மூட்டையை மாட்டுவண்டி கொண்டுவந்து தருகிறது. அம்மா முக்காலி இல்லாமல் ஏறுகிறாள்.

பழைய வண்டிக்கு ஸ்பிரிங் வாங்கப் போகிறவர்கள், போவதற்கு முன் நாலு சக்கரத்திலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின் அச்சிலிருந்து ஏதாவது மெல்லிய கம்பி மேலே போகிறதா என்று குனிந்து பாருங்கள். என்னிடம் தடித்த கம்பி ஸ்பிரிங் ஜோடி ஒன்று, அதிகம் ஓடாதது, கொல்லையில் கிடக்கிறது. எந்நேரமும் அரிசி மூட்டையோடு ஓடும் சர்ஃப் யாரிடமாவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன், கப்பல் துறை வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.