ஊசி போட்ட பிறகு

ஒரு வார்டு எப்படி நடக்கிறது என்று தெரிய நான் முதலில் கேஸ் ஷீட்டைப் பார்ப்பதில்லை. குப்பைத் தொட்டிகளைப் பார்ப்பேன். காலால் மிதித்து மூடியைத் திறந்தால் முந்தின ஷிப்ட் நடந்த விதம் தெரிந்துவிடும். மஞ்சள் பையில் சிரிஞ்சு உறைகளாகக் குவிந்திருந்தால், அந்த ட்ராலியில் சாதாரணக் குப்பைக்கு இடமே வைக்கவில்லை. அதே பையில் டீ கப் கிடந்தால், நோயாளியோடு இருப்பவர்களுக்குத் தொட்டி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தப்பான பொருள் தப்பான பையில் கிடப்பதற்கு ஆளின் அலட்சியத்தைவிடத் தொட்டி நிற்கும் இடம்தான் பெரும்பாலும் காரணம் என்பது என் அனுபவம். சிவப்புப் பையில் ஊசி கிடந்தால் மட்டும் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அது எப்படி அங்கே வந்தது என்று தெரியாமல் அடுத்த வார்டுக்குப் போவதில்லை.

அரசு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து, வார்டு, தியேட்டர், பிரசவ அறை என்று சுற்றிவிட்டுத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்ற பொறுப்புக்கு வந்தவள் நான். வந்த புதிதில் உடன் வேலை பார்த்தவர்கள், "என்ன சிஸ்டர், உங்களைக் குப்பைக்கு மாத்திட்டாங்களாமே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இன்றைக்கு வேறு வேலை தருகிறோம் என்றாலும் போகமாட்டேன்.

மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை மாதிரியானதுதான். மீதி 15 சதவீதமே ஆபத்தானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தம் தோய்ந்த ஒரு காஸ் துண்டு சாதாரணத் தொட்டியில் விழுந்ததும் அந்தத் தொட்டி மொத்தமும் ஆபத்துக் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கையை விட்டுப் பிரிக்க முடியாது, யாரையும் பிரிக்கச் சொல்லவும் கூடாது. ஆகவே எந்தக் கை அதை உண்டாக்கியதோ, அந்தக் கையே, அந்த நிமிடமே, உரிய பையில் போட்டாக வேண்டும். எங்கள் வேலை முழுக்க இந்த ஒரு விஷயம்தான். பார்கோடு, எடை, பதிவேடு எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை.

1998இல் வந்த முதல் மருத்துவக் கழிவு விதிகளில் பத்து வகைகள் இருந்தன. மனப்பாடம் செய்வதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும். 2016 விதிகள் அதை நான்கு நிறமாகச் சுருக்கியது பெரிய உபகாரம். எரிக்கப் போவது மஞ்சளில்: உடல் பாகங்கள், ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, மாவுக்கட்டு, காலாவதியான மருந்து. பிளாஸ்டிக்கும் ரப்பரும் சிவப்பில்: ஐ.வி. செட், யூரின் பை, கதீட்டர், ஊசி நீக்கிய சிரிஞ்சு. குத்துவதும் வெட்டுவதும் வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி, உடைத்த ஆம்பியூல், எலும்பிலிருந்து எடுத்த உலோகத் தகடு எல்லாம் நீலத்தில்.

இவ்வளவுதான் என்றாலும் இடறும் இடங்கள் உண்டு. கையுறை சிவப்பு, முகக்கவசம் மஞ்சள். இரண்டையும் ஒரே மூச்சில் கழற்றுகிறவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். இன்சுலின் சிரிஞ்சில் ஊசி தனியாகக் கழலாது, அது முழுசாக வெள்ளைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் விளக்கி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுப்பும் சுவரொட்டி ஆள் உயரத்துக்கு மேலே, ஆங்கிலத்தில், மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள். நான் ஓர் அட்டையில் புதிய கையுறை, முகக்கவசம், சிரிஞ்சு, அதன் உறை, ஐ.வி. செட்டில் ஒரு துண்டு என்று பொருள்களையே ஒட்டி, பக்கத்தில் அந்தந்த நிறத்தைப் பூசி, தொட்டிக்கு நேர் மேலே மாட்டினேன். தூய்மைப் பணி செய்யும், படிக்கத் தெரியாத அக்காக்கள் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். டாக்டர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆனது.

"எதுக்கு வம்பு சிஸ்டர், எல்லாத்தையும் மஞ்சள்லயே போட்டுட்டா சேஃப்தானே?" என்று ஒவ்வொரு பேட்ச் ஹவுஸ் சர்ஜனும் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். மஞ்சள் பை போய்ச் சேரும் உலையில் முதல் அறையில் 800 டிகிரிக்குக் குறையாத வெப்பம் இருக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் புகையை இரண்டாவது அறையில் 1050 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் குறைந்தது 2 விநாடி நிறுத்தி மறுபடி எரிக்க வேண்டும். அந்த அவஸ்தை எல்லாம் டையாக்சின் போன்ற நச்சுகளை அடக்கத்தான். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை உள்ளே போட்டால் அந்த நச்சுக்கு நாமே விறகு கொடுக்கிறோம். அதனால்தான் சிவப்புப் பை உலைக்குப் போகாமல் ஆட்டோகிளேவுக்குப் போகிறது. நீராவியில் வெந்து, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகிறது. இதைச் சொன்னால் பையன்கள் புரிந்துகொள்கிறார்கள். "ரூல் அப்படித்தான் இருக்கு" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே போடுகிறார்கள்.

ஊசிக்கு வருகிறேன். நான் பயிற்சிக்கு வந்த காலத்தில் கண்ணாடி சிரிஞ்சு முழுதாக ஒழியவில்லை. போட்டதைக் கழுவி ஸ்டெரிலைசரில் கொதிக்க வைத்து மறுபடி போடுவோம். முனை மழுங்கிய ஊசியோடு வரும் சிஸ்டரைப் பார்த்துக் குழந்தைகள் அலறியதில் தப்பே இல்லை. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மருத்துவமனைகள் ஊசியைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஒருமுறை போட்டதும் எறியும் சிரிஞ்சு எல்லா இடத்துக்கும் வந்தது. எறிவது எங்கே என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஊசி குத்திக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடங்களில். போட்டு முடித்த ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போது, அதைக் கையில் பிடித்தபடி நர்சிங் ஸ்டேஷன் வரை நடக்கும்போது, மூன்றாவதாகக் குப்பைப் பைக்குள். முதல் இரண்டில் குத்துப்படுவது ஊசி போட்டவரே. எந்த நோயாளியின் ரத்தம் என்று தெரியும், சோதித்துப் பார்க்கலாம். மூன்றாவதில் குத்துப்படுவது பையைத் தூக்குகிறவர். அவர் அந்த நோயாளியைப் பார்த்ததுகூட இல்லை. யாருடைய ஊசி என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியில் தொற்றுள்ள ரத்தம் இருந்தால், தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஒரு குத்தில் ஹெபடைடிஸ் பி தொற்ற நூற்றுக்கு 30 வரை வாய்ப்பு உண்டு. ஹெபடைடிஸ் சி நூற்றுக்குச் சுமார் 2, எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு 3. எல்லோரும் பயப்படுவது கடைசி எண்ணுக்கு. நான் பயப்படுவது முதல் எண்ணுக்கு.

இரவு ஷிப்ட்டில் ஒற்றை ஆளாக முப்பது நாற்பது பேருக்கு ஊசி போடும் சிஸ்டரிடம் போய் விதிமுறை பேசுவதில் அர்த்தமில்லை. ஊசியை வெட்டி எடுக்கும் ஹப் கட்டர் அவளுடைய ட்ராலியிலேயே, அவள் கை போகும் பக்கம் இருக்க வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் அது அவளோடு நகர வேண்டும். ஊசியை இழுத்தாள், கட்டரில் நுழைத்தாள், அழுத்தினாள், சிரிஞ்சு சிவப்பில் விழுந்தது. அதற்கு மூடி மாட்டுவதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும். ஸ்டேஷன் மேஜையில் கட்டரை வைத்துவிட்டு "எல்லா வசதியும் செய்துகொடுத்தாச்சு" என்பவர்கள் ஒரு ராத்திரி அவளோடு நடந்து பார்க்கலாம். கட்டரின் பிளேடு மழுங்கினால் ஊசி பாதி வெட்டுப்பட்டுத் தொங்கும், அது முழு ஊசியைவிட மோசம். ஆகவே பிளேடைப் பார்ப்பதும் என் வாரச் சுற்றில் சேர்த்தி.

குத்திவிட்டால் செய்ய வேண்டியது சுலபம். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே வந்து சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள். கஷ்டமெல்லாம் "உடனே வந்து சொல்ல வேண்டும்" என்பதில்தான். தூய்மைப் பணிக்கு ஒப்பந்தத்தில் வரும் அக்காக்கள் சொல்வதில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசாத்தான் பட்டுச்சு" என்பார்கள். சொன்னால் வேலைக்கு வேண்டாம் என்றுவிடுவார்களோ என்ற பயம். அது வெறும் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குப்பை கையாளும் எல்லோருக்கும் போட வேண்டும் என்பது விதி. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஆறு மாதத்தில் ஒப்பந்தக்காரர் மாறுவார், இல்லையென்றால் ஆட்கள் மாறுவார்கள். பதிவேட்டில் முதல் இரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்கும், மூன்றாவது காலியாக இருக்கும். "எங்க வேலைக்குப் போனாலும் மூணாவது ஊசிக்கு இங்க வந்துடுங்கக்கா" என்று போன் நம்பர் வாங்கி வைக்கிறேன். சிலர் வருகிறார்கள். நிரந்தர ஊழியர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்பதை யாராவது கவனித்தால் தேவலை.

பையைக் கட்டுவதும் ஒரு கலை என்றால் சிரிப்பார்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் அரிசி மூட்டைக்குக் கட்டுவதுபோல் கழுத்தை முறுக்கிக் கட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் பிடிக்கும் என்று கையால் அமுக்கக் கூடாது. தரையில் இழுக்கக் கூடாது. உடம்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. பார்கோடு ஒட்டி, மூடிய தள்ளுவண்டியில், நோயாளிக்குச் சாப்பாடு வரும் நேரமும் பாதையும் தவிர்த்துக் கொண்டுபோய், பூட்டுள்ள அறையில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். பூட்டு முக்கியம். மருத்துவமனை வளாகத்து நாய்களுக்கு அந்த அறை எங்கே இருக்கிறது என்று ஊழியர்களைவிட நன்றாகத் தெரியும்.

பிரசவ வார்டில் பாட்டிமார் நஞ்சுக்கொடியைக் கேட்பார்கள். வீட்டுக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துப் பழகியவர்கள். "தரக் கூடாது" என்று அதட்டி அனுப்பும் சிஸ்டர்களும் உண்டு. நான் உட்கார்ந்து கேட்டேன். "நாயி, காக்கா இழுத்துடக் கூடாது தாயி. புள்ளைக்கு ஆகாது" என்றார் ஒருவர். "இழுக்காது பாட்டி. தனியாப் பையில கட்டி, பூட்டி வெச்சு, எரிக்கிற இடத்துக்கே நேராப் போயிடும்" என்றேன். அவருக்குத் திருப்தி. விதி கேட்பதும் அந்தப் பாட்டி கேட்டதும் ஒன்றேதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வாசல் தாண்டியும் விஷயம் முடிவதில்லை. 2009இல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். போட்ட சிரிஞ்சையே திரும்பத் திரும்பப் போட்டதுதான் காரணம் என்று தெரியவந்தது. அதிலிருந்து ஐ.வி. செட்டையும் யூரின் பையையும் வெட்டித்தான் சிவப்பில் போட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முழுசாக வெளியே போகும் பொருளுக்கு எங்கேயோ ஒரு விலை இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகளைத் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் கிராமங்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு லாரிகள் வந்து அள்ளிப்போயின. எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தவை குப்பையோடு கிடந்த மருத்துவமனைக் காகிதங்கள். முறையாகப் பிரித்திருந்தால் அந்தக் காகிதம் அங்கே கிடந்திருக்காது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். தொழில் புத்தி.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்றைக்குத் தெருவுக்கு நான்கு வீட்டிலாவது இன்சுலின் போடுகிறார்கள். அந்த ஊசிகள் பெரும்பாலும் கீரைத் தண்டோடும் பால் கவரோடும் சேர்ந்து வாசலுக்குப் போகின்றன. அதை வாங்குகிற தூய்மைப் பணியாளருக்கு எங்கள் அக்காக்களுக்கு இருக்கும் தடித்த கையுறைகூடப் பல நேரம் இருப்பதில்லை. மூடி திருகும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை இன்சுலின் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். போட்டதும் ஊசியை அதில் போடுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதுங்கள். நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் அதை வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால், தூய்மைப் பணியாளரிடம் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.