குறுக்கு வலிக்கு என்ன தமிழ்?

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் என் நண்பன் பாதுகாப்பு அதிகாரி. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற என்னிடம் நாலு தாளை நீட்டி, "உனக்குத்தான் தமிழ் வருமே, சரி பண்ணிக் குடு" என்றான். காபி வாங்கித் தந்தான். வேறு சன்மானம் பற்றிப் பேச்சே இல்லை.

1987-ல் பின்லாந்து, ஸ்வீடன் வகையறா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடித் தயாரித்த 'நார்டிக்' கேள்வித்தாள் அது. உலகம் பூரா ஓடுகிறது. முதுகைக் காட்டி நிற்கிற ஓர் ஆசாமியின் படம். கழுத்து முதல் பாதம் வரை ஒன்பது பகுதிகள். கடந்த 12 மாதத்தில் இங்கே வலித்ததா, அதனால் வேலை தடைப்பட்டதா, கடைசி 7 நாளில் வலித்ததா... இவ்வளவுதான்.

யாரோ சென்னைவாசி ஏற்கெனவே தமிழாக்கியிருந்தார். 'தங்களுக்கு அசௌகரியம் ஏற்பட்டதுண்டா?' கல்யாணப் பந்தியில் கேட்கிற கேள்வி மாதிரி இல்லை? நம் ஆட்களுக்கு அசௌகரியம் வராது சார். குடைச்சல் வரும், கடுப்பு வரும், பிடிப்பு வரும், மதமதன்னு இருக்கும். 'கால் வலி' என்றால் தொடையிலிருந்து சுண்டுவிரல் வரை எங்கேயும் இருக்கலாம். 'இடுப்பு' என்று எழுதினால் 'குறுக்கா, பக்கமா?' என்று கேட்பார்கள். நார்டிக்காரர்களுக்கோ அது இரண்டு தனித்தனிக் கட்டம்.

இதற்கெல்லாம் முறை இருக்கிறது. 2000-ல் வந்த ஒரு வழிகாட்டிப்படி, இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறு இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். குழு உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அப்புறம் 30, 40 பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் குழு, நானும் பெரம்பலூரில் ஒரு டியூட்டோரியல் வாத்தியாரும்! (பீகார், ஒடிசா பையன்களுக்கு இந்தித் தாள் தனி. அது வேறு எவனோ ஒருவனுடைய தலைவலி.)

செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் ஆய்கிற அக்காக்களிடம் ஒத்திகை பார்த்தோம். படத்தைப் பார்த்ததும் ஓர் அக்கா, "யாரு தம்பி இவன், கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கிறான்?" என்றார். '12 மாதம்' எடுபடவில்லை. 'போன பொங்கல்லேர்ந்து இந்தப் பொங்கல் வரைக்கும்' என்றதும் கடகடவென்று பதில் வந்தது.

வம்பு, வேலைக் கேள்வியில்தான். சென்னைத் தமிழில் அது 'வலியால் வேலையை விட நேர்ந்ததா?' என்றிருந்தது. 50 கிலோ மூட்டை சுமக்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி அதை எப்படிப் படிப்பான்? "நான் எதுக்கு சார் வேலையை விடணும்?" என்று அலறிவிட்டு, எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போட்டுவிட்டான். தாளைப் பார்த்தால் ஆலையில் ஒருத்தருக்கும் ஒரு வலியும் கிடையாது. கேட்டுக்கு எதிரே மருந்துக்கடையில் தைலம் மட்டும் எப்படியோ தீர்ந்துபோகிறது!

'வலியால் ஒரு நாளாவது வழக்கமான வேலை செய்ய முடியாமல் போனதா?' என்று மாற்றினோம். அதற்கும் 'இல்லை'தான் அதிகம். போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லையே, போய்விடுகிறார்கள். 'வலியோடவே வேலைக்குப் போனீங்களா?' என்று சேர்க்கச் சொன்னேன். நண்பன் தயங்கினான். மூலத்தில் கைவைத்தால் மற்ற நாட்டுக் கணக்கோடு ஒப்பிட முடியாதாம். நியாயம்தான். கடைசியில் ஒன்பது கட்டத்தையும் தொடாமல், தாளின் அடியில் தனியாக அச்சடித்தோம்.

"வலி இல்லாம போன நாளைக் கேளுங்க சார், எண்ணிச் சொல்லிடறேன்" என்றார் ஒரு லோடுமேன்.

தாளை இப்போது கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் நிரப்புகிறார்கள். பெயர் எழுத வேண்டாம். மேஸ்திரி பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதில் நண்பன் கறாராக இருக்கிறான்.