அத்தையின் காதும் ஆளுயர ஸ்பீக்கரும்

எங்கள் வீட்டில் சென்ற வருஷம் நடந்த பெரிய வாக்குவாதம் நகைக்காகவோ பட்டுப்புடவைக்காகவோ அல்ல. ஒரு ஜோடி ஸ்பீக்கருக்காக! சிரிக்காதீர்கள், விஷயத்தைக் கேளுங்கள்.

என்னவருக்குப் பாட்டு என்றால் உயிர். மூன்று வருஷமாகக் கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், "உயர்ந்த ரக ஸ்பீக்கரா ஒண்ணு வாங்கிடுவோம்" என்றார். நானோ அந்தப் பணத்துக்கு வளையல் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனாலும் சம்மதித்தேன். காரணம், என் மாமியார்.

அத்தை, மதுரை சோமுவின் கச்சேரியைக் கோயில் திருவிழாவில் தரையில் உட்கார்ந்து நடுநிசி வரை கேட்டவர். எம்.எஸ். 1916-ல் பிறந்தது இந்த மதுரையில்தான் என்பதை, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் சொந்தப் பெருமை மாதிரி சொல்வார். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷமாகப் பாட்டே கேட்பதில்லை. "எல்லாம் இரைச்சலாக் கேக்குதும்மா, ஒரு வார்த்தை புரியல" என்பார். டி.வி.யை மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்படி வைப்பார். என் நாலு வயதுப் பெண் காதைப் பொத்திக்கொள்வாள்.

"பெரிய ஸ்பீக்கராப் போட்டா அம்மாவுக்கு நல்லாக் கேக்கும்" என்பது என்னவரின் கட்சி.

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக்கு அத்தையையும் அழைத்துப் போனோம். ஆளுயரத்துக்கு ஒரு ஜோடி. "இருநூறு வாட்ஸ் சார்!" என்று பையன் பொத்தானை அமுக்கினான். தரை அதிர்ந்தது. என்னவர் முகம் மலர்ந்தது. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "திருவிழாக் குழாயை வீட்டுக்குள்ளயா கட்டப் போறே?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரை அல்ல, அத்தையின் காதை!

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு விளக்கினார். வயதானால் பெரும்பாலும் முதலில் குறைவது மேல் ஸ்தாயி ஒலிகள்தானாம். மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதனால் சத்தம் காதில் விழும், வார்த்தை நழுவிவிடும். சத்தத்தைக் கூட்டினால் முழக்கம்தான் கூடும். காதுக் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார். "நான் கிழவின்னு ஊருக்கே தண்டோராப் போடணுமா?" என்று அத்தை கருவியைப் பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டார்.

பிறகு ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது, உயர்ந்த ரக ஸ்பீக்கர்களை உட்கார்ந்து கேட்டு வாங்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கருவி என் கைப்பையில் இருந்தது! கடைக்கார பெரியவர், "உங்களுக்கு மனப்பாடமான பாட்டை நீங்களே கொண்டு வாங்க. முதல்ல மனுஷக் குரலைக் கேளுங்க. குரல் சரியா இருந்தா மத்தது தானா வரும்" என்றார்.

வாட்ஸ் பைத்தியத்தையும் தெளியவைத்தார். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடுமாம். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்!

இன்னொரு கதையும் சொன்னார். 1970-களில் லண்டன் பி.பி.சி. வானொலியின் பொறியாளர்கள், வெளியிடங்களுக்குப் போகும் ஒலிபரப்பு வண்டிகளுக்காக ஒரு ஸ்பீக்கர் செய்தார்களாம். ஓர் அடி உயரம்தான். அறிவிப்பாளரின் குரல் இயற்கையாக இருக்கிறதா என்று சோதிக்க உதவிய அந்தப் பெட்டியை இன்றும் ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். அதே பி.பி.சி.யில் இருந்த ஸ்பென்சர் ஹ்யூஸ், மனைவி டோரதியுடன் 1969-ல் ஆரம்பித்த கம்பெனிக்கு இரண்டு பெயரையும் சேர்த்து 'ஸ்பெண்டார்' என்று பெயர் வைத்தாராம். "பாத்தீங்களா, பாதி மனைவி பேரு" என்று என்னவரை இடித்துக் காட்டினேன்.

நாலு ஜோடியை அடுத்தடுத்து, ஒரே அளவு சத்தத்தில், சோமுவின் பாட்டோடு கேட்டோம். சத்தம் கூடுதலாக இருப்பது நல்லதாகத் தோன்றி ஏமாற்றுமாம். அதனால்தான் ஒரே அளவு. சின்னதான ஒரு ஜோடியில் குரல் நடுவே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. "அத்தை, ஒரே ஒரு தடவை" என்று கருவியை நீட்டினேன். முறைத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். பாட்டு ஓடியது. அத்தையின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. "தம்புரா கேக்குதுடா!" என்றார் மகனிடம். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்தச் சின்ன ஜோடிதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வீட்டில் போட்டதும் இன்னொரு சோதனை! பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். உங்களுக்கும் பயன்படும்:

மூலையில் ஒட்டி வைத்தால் முழக்கம் கூடும். சுவரை விட்டு ஓரடியாவது தள்ளுங்கள். சின்னக் கூம்பு, உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்துக்கு இருக்கட்டும். வெறும் சிமெண்டுத் தரை எதிரொலிக்கும். ஒரு ஜமுக்காளமும் கனமான திரைச்சீலையும் போதும். ஒயரில் சிவப்பு சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். எங்களுக்கு ஒன்றில் மாறிப் போயிருந்தது. அதனால் கீழ் ஸ்தாயி ஒலியே இளைத்துவிட்டது.

குழந்தை உள்ள வீட்டில் சத்தத்துக்கும் எல்லை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. கருவி இல்லாமல் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், பாட்டைக் குறையுங்கள்.

மிச்சப் பணத்தில் வளையல் வரவில்லை, ஒரு மோதிரம் வந்தது. போகட்டும். இப்போது சாயங்காலம் விளக்கேற்றியதும் அத்தை தானே பீரோவைத் திறந்து கருவியை மாட்டிக்கொள்கிறார். பேத்தி மடியில் உட்கார்ந்து தாளம் கற்றுக்கொள்கிறாள்.

நேற்று நான் அடுக்களையிலிருந்து ஏதோ முணுமுணுத்தேன். "அது எனக்குக் கேட்டுச்சு!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இனிமேல் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்!