பெட்டி அம்மாவுக்குத்தானே?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். போன்ல பேசினா "சரிக்கா, சரிக்கா"ன்னு பாதியிலேயே வெச்சிடுறே. அதான் காகிதத்துல எழுதுறேன். ரிமோட் கையில இருக்கும்போது பிரிச்சுப் படி. ஆரணி முதலாளி தறிக்கு அடுத்த பாவு கொடுத்துட்டாரா? ஆவணி முகூர்த்தத்துக்கு வேலை நெருக்குமே, முதுகைப் பார்த்துக்கோ.

டிவியில நெட் வழியாப் படம் பார்க்கப் புதுப் பெட்டி வாங்கினேன்னு சொன்னப்போ சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த மூச்சுலேயே "அம்மா அதைத் தொடவே மாட்டேங்குறாங்க, தண்டம்"னு சலிச்சுக்கிட்டே பாரு, அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. 2006 தேர்தல் முடிஞ்சு கலைஞர் கொடுத்த 14 இன்ச் டிவி வந்தப்போ அம்மாவுக்கு யார்டா சொல்லிக் கொடுத்தா? அவங்களேதானே ஓட்டினாங்க! இப்போ நீ ரெண்டு ரிமோட்டைக் கையில கொடுத்து, முப்பது ஆப் படத்தைத் திரையில நிறுத்தி வெச்சிருக்கே. எது அமுக்கினா எது கெட்டுப்போகுமோன்னு பயந்துதான் ஒதுங்குறாங்க. அம்மா தனியா இருக்கும்போது ஓட்டுற மாதிரி அதை ஒழுங்கு பண்ணு, மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல ஒரு ரிமோட்டை ஒழிச்சுக்கட்டு. டிவியோட செட்டிங்ஸ்ல ஹெச்டிஎம்ஐ-சிஇசின்னு ஒண்ணு இருக்கும். சாம்சங்ல அதுக்கு எனிநெட்னு பேரு, எல்ஜில சிம்ப்ளிங்க், சோனில பிராவியா சிங்க். ஆளாளுக்கு ஒரு பேரு, வேலை ஒண்ணுதான். அதை ஆன் பண்ணிட்டா பெட்டி ரிமோட்டை அமுக்கினதும் டிவியும் எழுந்துக்கும், தானாவே பெட்டிப் பக்கம் மாறிக்கும். அப்புறம் நீ போட்டு அடைச்ச விளையாட்டையெல்லாம் எடு. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள பல மாடல்ல 8 ஜிபி இடம்தான், அதுலயும் பாதியை அதுவே தின்னுடும். மெதுவா ஓடுதுன்னு சொன்னியே, அதுக்கு இதுதான் காரணமா இருக்கணும். அம்மா பாக்குற மூணு, நாலு ஆப்பை மட்டும் முதல் வரிசையில வை. மொழிப் பட்டியல்ல தமிழ் இருந்தா மாத்திடு.

அந்த நாலுல வேவ்ஸ் கண்டிப்பா இருக்கட்டும். பிரசார் பாரதி 2024 நவம்பர்ல ஆரம்பிச்சது. அம்மா பொதிகைன்னே இன்னும் சொல்ற டிடி தமிழ் அதுல நேரலையா வரும். திருவண்ணாமலை தீபத்தை வருஷா வருஷம் அந்தச் சேனல்லதானே காட்டுறாங்க. முழங்கால் வலியோட அம்மாவை அந்தக் கூட்டத்துல இழுத்துட்டுப் போக வேணாம். விடியக்காலை பரணி தீபம், சாயங்காலம் ஆறு மணிக்கு மகாதீபம், ரெண்டையும் உட்கார்ந்த இடத்துல பார்க்கட்டும். இதுக்காகவே நீ கொடுத்த காசு தகும்னு எனக்குத் தோணுது.

அம்மாவுக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு உனக்குத் தெரியும், அத்தனை வருஷம் தறிச் சத்தத்துலயே இருந்தவங்க. பேச்சு கேக்கலைன்னு சத்தத்தை ஏத்தினா பாட்டு வந்து காதைப் பிளக்கும். பெட்டியோட ஆடியோ செட்டிங்ஸ்ல சரவுண்டை விட்டுட்டு ஸ்டீரியோன்னு வை. சினிமாக்காரங்க அஞ்சாறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சுப் போட்ட சத்தம் நம்ம டிவியோட ரெண்டு சின்ன ஸ்பீக்கர்ல வரும்போதுதான் பேச்சு அமுங்கிப் போகுது. அதுலயும் சரியா வரலைன்னா ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை அம்மா தார் சுத்துற ராட்டினம் பக்கத்துல வெச்சு, பெட்டியோட இணைச்சிடு. கூடத்துல டிவி கத்த வேண்டியதே இல்லை. ரிமோட்ல மைக் பட்டனையும் காட்டிக் கொடு. யூடியூப்ல அதை அமுக்கிக்கிட்டு "டி.எம்.எஸ். முருகன் பாட்டு"ன்னு சொன்னா வந்துடும், எழுத்தைக் கூட்ட வேணாம்.

பெட்டி நடுவுல நடுவுல அணைஞ்சு எரியுதுன்னு சொன்னியே, கரன்டுக்கு டிவியோட யூஎஸ்பி ஓட்டையிலதானே சொருகியிருக்கே? கூட வந்த அடாப்டரைச் சுவர்ல போடு. டிவி கொடுக்குற கரன்ட் அதுக்குப் பத்தாது. வைஃபை பெட்டி தறிக்கூடத்துல இருக்கு, நடுவுல ரெண்டு சுவர். அதனால 5 கிகாஹெர்ட்ஸ் வேணாம், 2.4ல சேரு. வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா சுவரைத் தாண்டி வரும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி முழு எச்டிக்கே 5 எம்பிபிஎஸ் போதும். 4கேக்கு 15 வேணும், நம்ம 32 இன்ச்சுக்கு அது எதுக்கு?

பணம் விஷயத்துலதான் எனக்குப் பயம். எங்க தெருவுல ஒரு அம்மா ஒரு மாசம் இலவசம்னு ஏதோ ஒரு ஆப்ல சேர்ந்தாங்க. மாசாமாசம் காசு போனது மகன் வந்து பாஸ்புக்கைப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது. 2021 அக்டோபர்லேர்ந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானா எடுக்குற பணத்துக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும். வரும், யார் படிக்கிறா? அம்மா கணக்கை இதுல சேர்க்காதே. ப்ளே ஸ்டோர்ல எதை வாங்கினாலும் பின் கேக்குற மாதிரி வை. கேபிளையும் இப்போதைக்கு நிறுத்தாதே. அந்தச் சேனல் நம்பரெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம், நெட் போனா அதுதான் கை கொடுக்கும்.

இன்னொண்ணு கேக்கணும். நீ வாங்கினது என்ன கம்பெனி? "எல்லாச் சேனலும் ஆயுசுக்கும் இலவசம்"னு பேர் தெரியாத பெட்டியை யாராவது தலையில கட்டிடலையே? அந்த மாதிரி சிலதுல கடையில வாங்கும்போதே திருட்டு மென்பொருள் உள்ள இருக்கும், நம்ம வீட்டு நெட் வழியா எவனோ தப்பு வேலை பார்ப்பான். 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐயே இதைச் சொல்லி எச்சரிச்சுது. பெட்டியோட அடிப்பக்கத்தையும், டிவிக்குப் பின்னால எங்கெங்க சொருகியிருக்கேன்னும் போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்பு. பார்த்துச் சொல்ற வரைக்கும் அதுல எந்த பாஸ்வேர்டும் போடாதே.

அம்மாவை மாத்திரை போடச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அக்கா