குனியச் சொல்லிப் பாருங்கள்

"கூனாமல் நட பிள்ளை" என்று அதட்டி வளர்க்கிற ஊர் எங்களுடையது. செங்கலடியில் என் வயதுக்காரர் எல்லோரும் பேரப்பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறோம். அதட்டலுக்கு நிமிராத முதுகும் உண்டு. நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுகியும் நிற்கும். ஸ்கோலியோசிஸ் என்பார்கள். எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகையாவது இருந்தால்தான் அந்தப் பெயர். பெரும்பாலானோருக்குச் சிறிதாகவே நின்றுவிடும். கூடிப்போகிறவர்களில் பெண்பிள்ளைகளே அதிகம்.

புத்தகப் பை சுமந்ததாலோ, கோணலாகக் குந்தியதாலோ, தாய் வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே வந்ததாலோ இது வருவதில்லை. பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் வைத்தியத்துக்கே பிடிபடவில்லை. தாயைக் குற்றம் சொல்வதை முதலில் விடுவோம்.

தையற்காரி முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு. வெள்ளைச் சீருடையின் கீழ்விளிம்பை எத்தனை தரம் பிரித்துத் தைத்தாலும் ஒரு பக்கம் ஏறியே நிற்கும். வீட்டில் பார்ப்பதென்றால், பிள்ளையை முழங்கால் மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். 1865இல் வில்லியம் அடம்ஸ் என்ற லண்டன் வைத்தியர் சொல்லிவைத்த முறை. இன்றும் வைத்தியர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள்.

பத்து வயது தாண்டினால் பிள்ளை தாய்க்கும் முதுகைக் காட்டாது. உயரம் கிடுகிடுவென ஏறுகிற அந்த வயதில்தான் வளைவும் விரைந்து கூடும். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெரியபிள்ளையானால் மாமிமார் தண்ணீர் வார்ப்பார்கள். அந்த வேளையில் முதுகையும் ஒருதரம் பாருங்கள் என்று மாமிமாரைக் கேட்டுக்கொள்கிறேன். திகதியையும் குறித்து வையுங்கள். இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதம் என்பதை வைத்தியர் அதைக்கொண்டும் கணிப்பார். அவர் கேட்டால் கூச்சப்பட ஏதுமில்லை.

எண்ணெய் பூசி உருவினால் நோவு ஆறலாம், வளைவு நிமிராது. வளர்கிற பிள்ளைக்கு 25 முதல் 40 பாகை வரை என்றால் பிரேஸ் என்னும் உடற்கவசம் கொடுப்பார்கள். வளைவு மேலும் கூடாமல் தடுப்பதே அதன் வேலை. 2013இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வொன்றில், அணிந்த பிள்ளைகளில் 72 வீதமானோருக்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாதவர்களில் அது 48 வீதம். நாளுக்கு 13 மணிநேரத்துக்குக் குறையாமல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். எங்கள் வெயிலில் அது லேசான காரியமில்லை. உள்ளே பருத்திப் பனியன் வேண்டும், வியர்வையில் நனைந்தால் மாற்ற இன்னொன்றும் பையில் இருக்க வேண்டும். வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள். 50 பாகையைத் தாண்டினால் சத்திரசிகிச்சைதான் பேச்சாகும்.

நாளைக்குக் கலியாணம் பேசும்போது குறையாகிவிடும் என்று மூடி மறைப்பது எனக்குப் பொறுக்காது. சிகிச்சைக்கான காலம் அந்த மறைப்பிலேயே கழிந்துவிடுகிறது. ஓட்டவீரர் உசைன் போல்ட்டுக்கும் இதே வளைவுதான்.

தரம் 7இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகமென்றால் செங்கலடி வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகலாம், அரசாங்க வைத்தியத்துக்குக் காசில்லை. பழைய எக்ஸ்ரே படங்களை எறியாமல் கொண்டுபோங்கள். 5 பாகை கூடியிருக்கிறதா என்று அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள்.