கேசட்டில் ஒரு கெட்டி மேளம்

தொண்ணூறுகளில் நியூஜெர்சிக்கு வந்து இறங்கிய எங்களுக்கு எடிசன் ஓக் ட்ரீ ரோடுதான் மாம்பலம். வெண்டைக்காய், வெற்றிலை, எட்டு முழ வேட்டி, மஞ்சள் கயிறு எல்லாம் அந்தப் பக்கம் அலைந்தால் கிடைத்துவிடும். கிடைக்காதது மேளம். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு 1998இல்தான் கும்பாபிஷேகம். அதுவரை கோயில் கல்யாணம் வேண்டுமென்றால் பாலங்களைத் தாண்டி, 1977இலேயே எழும்பிவிட்ட நியூயார்க் பிளஷிங் பிள்ளையாரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஹால்.

அந்த ஹால்களில் நாதஸ்வரம் வாசித்தது டேப் ரெக்கார்டர். பொத்தானை அழுத்தும் உத்தியோகம் பல வருஷம் என்னுடையது. லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஐயர் விரலை உயர்த்தி "கெட்டி மேளம்" என்றதும் பொங்க வேண்டும். ஓடுகிற கேசட்டை நிறுத்தி, இடம் தேடிச் சுற்றுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து அட்சதையும் போட்டு முடித்திருப்பார்கள். அதனால் இரண்டு ரெக்கார்டர் வைத்துக்கொள்வேன். ஒன்றில் ராகம் ஓடும். இன்னொன்றில், கெட்டி மேளம் தொடங்கும் இடம்வரை பென்சிலால் சுற்றி நிறுத்திய கேசட் காத்திருக்கும். தும்மல், அழுகை போன்ற அபசகுனச் சத்தம் காதில் விழாமலிருக்கத்தான் அந்தக் கெட்டி மேளம் என்பார்கள் பெரியவர்கள். எங்கள் கேசட்டால் ஹாலின் ஏர்கண்டிஷனர் இரைச்சலைத்தான் அமுக்க முடிந்தது.

பிறகு நிஜ மேளமே வந்தது. கோயில் உற்சவத்துக்கு ஊரிலிருந்து வரும் வித்வான்களைக் கல்யாண வீட்டார் மடக்கிப் பிடித்தார்கள். ஒரு ஜனவரிக் கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரரை விமான நிலையத்திலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். குளிரை அவர் பொருட்படுத்தவில்லை. ஹீட்டர் காற்றைத்தான் திட்டிக்கொண்டே இருந்தார். நாதஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளி காவிரிக்கரை நாணலில் செய்தது. அறையின் வறண்ட காற்றில் அது காய்ந்துபோகிறது என்று, பேசும் நேரம் தவிர வாயிலிருந்து எடுக்கவே இல்லை. கூட வந்த தவில்காரர் ஹோட்டல் அறைக் காபி மெஷினில் வெந்நீர் பிடித்து மைதாப் பசை கிண்டினார். துணியை அதில் தோய்த்து விரல் விரலாகச் சுற்றிக் கூடு போட்டுக் காயவைத்தார். மறுநாள் அந்த வலது கை தவிலில் விழுந்தபோது ஹோட்டல் சிப்பந்திகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அதோடு என் உத்தியோகம் போயிற்று.

சாவுக்கு மட்டும் இது எதுவும் நடக்கவில்லை. நியூஜெர்சியில் முதல் தலைமுறைப் பெற்றோர்கள் போகத் தொடங்கியபோதுதான் அது உறைத்தது. பியூனரல் ஹோமில் கம்பளம் விரித்த கூடம், கோட் போட்ட மேலாளர், மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரம். யாராவது திருவாசகம் சொல்வார்கள். இலங்கைத் தமிழர் வீடென்றால் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். அந்த வகையில் அவர்கள் கெட்டிக்காரர்கள், மரபை விடாமல் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் கைப்பேசியில் ஒரு பஜனை, அதுவும் தணிந்த குரலில். ஒருமுறை, மகனைப் பறிகொடுத்துவிட்டு மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏப்பா தம்பி, ஒரு கொட்டு இல்லாம, ஊர் அறியாமலா எம் புள்ளய அனுப்புறீக?"

ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மணமுழவு என்று புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் நொந்துகொள்கிறார். இப்படி உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே சொல்லிவிட்டார். அவர் எடிசனில் இருந்திருந்தால் அந்தப் பாட்டு பிறந்திருக்காது. அடுத்த வீட்டில் சாவு விழுந்தது, தெருவில் கார்கள் கூடினால்தான் தெரியும்.

பறை அமெரிக்காவுக்கு வராமல் இல்லை. இரண்டாயிரங்களுக்குப் பிறகு ஜோராகவே வந்தது. ஊரில் சாவு வீட்டு வாசலிலும் ஒரு சாதியின் தலையிலும் கட்டிவைத்திருந்த வாத்தியத்தை, சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று அந்த மக்களே மறுத்து மேடையேற்றினார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழு, மணிமாறனின் புத்தர் கலைக்குழு போன்றவர்களின் உழைப்பு அது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் அந்தப் பாதையில்தான். இங்கே கணினிக்காரர்களான நாங்களும் எங்கள் பிள்ளைகளும் சனிக்கிழமை கார் நிறுத்துமிடங்களில் பழகினோம். மழைநாளில் தோல் தொய்ந்துவிடும். தீமூட்டிக் காய்ச்ச முடியாது, தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். ஹீட்டரைக் காரிலேயே எடுத்துப் போவோம். பிறகு பைபர் தோல் வந்து அந்தக் கவலையும் தீர்ந்தது. பொங்கல் விழா, ஜூலை 4 விடுமுறையில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா, மாப்பிள்ளை அழைப்பு என எல்லா இடத்திலும் பறை. டெக்சாஸுக்கு நான் குடிமாறிய பிறகும் அதே கதைதான்.

ஆக, ஊரில் சாவுக்கென்று ஒதுக்கிய பறை இங்கே சாவைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒலிக்கிறது. முதலில் இது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது பாதிப் பெருமைதான். மறுப்பது அங்கே உரிமை. தலைமுறை தலைமுறையாகக் கூப்பிட்ட குரலுக்கு ஓடி, அரைக்கூலிக்கும் அவமானத்துக்கும் அடித்தவர்கள் குச்சியைக் கீழே வைத்தது நியாயம். நம்மை இங்கே யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. அவர்களுடைய கோபத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நாம் சாவு வீட்டைத் தவிர்ப்பதில் கொஞ்சம் பழைய தீட்டும் ஒளிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பறை பழகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாழ்த்தடியோடு, சாவுக்கு அடிக்கும் மாரடித்தல் அடியையும் கற்றுக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் கூப்பிட்டால் போங்கள். பியூனரல் ஹோம்காரரிடம் முன்கூட்டியே பேசி, வாசலில் கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அடித்து முடித்ததும் கூலியையும் முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். தவில்காரருக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல உங்களுக்கும் தட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டே போங்கள்.