கல்முனைக் கருஞ்சீரகம்

கிழக்கிலங்கையில் அக்கரைப்பற்றைத் தாண்டினால் ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்கள் கடலோரமாகத் தொட்டுத் தொட்டே வருகின்றன. கிழக்கே அலை, மேற்கே கண்ணுக்கெட்டும்வரை வயல். நாகூரில் பிறந்தவனான எனக்குக் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் எங்கள் ஊரில் அடங்கியிருக்கும் இறைநேசர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. ஆண்டுதோறும் இங்கேயும் அவர் பெயரில் கொடியேறுகிறது.

ஆனால் இந்தப் பயணத்தின் பெரிய அதிசயம் கல்முனைக் கடைத்தெருவில், ஒரு மருந்துச் சரக்குக் கடையில் எனக்காகக் காத்திருந்தது. ஓர் இளைஞர் கருஞ்சீரகம் நிறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வாப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ் பிடித்துக் கூட்டிப் போய் வருகிறார்கள்.

“நபிகளார் சொல்லிட்டுப் போன மருந்து தம்பி, நம்பிக் குடுங்க” என்றார் கடைக்காரர்.

நான் உயிரியல் படித்தவன் என்று அறிந்ததும் இளைஞர் என்னைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் பிளேன்டீ வாங்கித் தந்தார். “சுவாசப்பையில வந்தது எலும்புக்கு எப்படிப் போன, காக்கா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பக்கத்து ஊரான மருதமுனைத் தறியில் நெய்த துணியின் இழைகளைப்போல நுரையீரலின் உட்பரப்பில் செல்கள் நெருங்கிப் பிணைந்திருக்கின்றன. ஈ-கேடரின் என்ற புரதம்தான் அந்தப் பிணைப்பு. புற்றான செல்களில் சில அந்தப் புரதத்தைக் குறைத்துக்கொண்டு பிடியை விடுகின்றன, வடிவம் நீண்டு நகரத் தொடங்குகின்றன. எம்எம்பி எனப்படும் நொதிகளைச் சுரந்து அடிச்சவ்வை அரித்து இரத்தக் குழாய்க்குள் நுழைகின்றன. அங்கே பெரும்பாலானவை மடிந்துவிடும். தப்பிப் பிழைத்த ஒரு சில மூளையிலோ ஈரலிலோ எலும்பிலோ குடியேறிப் பெருகுகின்றன. செல்லுக்குள் இந்த வேலைகளைத் தூண்டிவிடும் புரதங்களில் ஒன்று என்எஃப்-கப்பா-பி.

இந்தப் புரதத்தைத்தான் கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் என்ற வேதிப்பொருள் அடக்குகிறது! 2010இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஜாஃப்ரியும் அவரது குழுவினரும் மனித நுரையீரல் புற்றுச் செல்களை எலிகளில் வளர்த்து, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோடு தைமோகுவினோனையும் கொடுத்தார்கள். கூடிய அளவு பெற்ற எலிகளில் கட்டி, மருந்து பெறாத எலிகளின் கட்டியைவிட 79 சதவீதம் சிறியதாக இருந்தது. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கும் இரண்டு சமிக்ஞைப் புரதங்களும் செல்களில் குறைந்தன. இலங்கையிலேயே ஐரா தாப்ரூவின் குழு, கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிக்கிழங்கின் ஓர் இனம் சேர்ந்த நாட்டு வைத்தியக் குடிநீரை எலிகளில் ஈரல் புற்று உருவாவதைத் தடுக்குமா என்று சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டது. சரக்குக் கடையின் தகர டப்பாவில் கிடக்கும் ஒரு விதை இத்தனை ஆய்வுக்கூடங்களின் கதவைத் தட்டியிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இளைஞரின் முகம் மலர்ந்தது. அதனால்தான் மீதியையும் சொல்லியாக வேண்டியிருந்தது. எலிகளுக்குப் போனது பிரித்தெடுத்த வேதிப்பொருள், பொடியல்ல. தைமோகுவினோன் நீரில் சரியாகக் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும். கொழுப்புத் துகள்களில் பொதிந்து உடலுக்குள் சேர்க்கும் வழியை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிகளிடம் நுரையீரல் புற்று பரவுவதை அது தடுக்கிறது என்று நிறுவப்படவில்லை. இன்னொன்றும் உண்டு: ஈரலில் மருந்துகளை உடைக்கும் சில நொதிகளைக் கருஞ்சீரகம் மந்தப்படுத்தும். அப்போது ஆஸ்பத்திரி மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கிவிடக்கூடும்.

“அப்ப குடுக்கப்படாதா?”

“வைத்தியத்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்திடாதீங்க தம்பி. இதைக் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.”

அவர் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் தந்தார். கேட்க வேண்டியதை அதன் மேலேயே எழுதினேன்: வாப்பா இப்போது எடுக்கும் மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் அளவு, இதோடு சேருமா என்ற கேள்வி.